பொறிவண்டின் முதுகில் தெரியும் விளக்கு

பொறிவண்டின் படம் ஏதாவது ஒன்றை எடுத்துப் பாருங்கள். யார் எடுத்ததாக இருந்தாலும் சரி, வண்டின் முதுகில் எங்காவது ஒரு வெள்ளைத் திட்டு இருக்கும். சில படங்களில் அது சுள்ளென்று கண்ணைக் குத்தும். அதைச் சுற்றியுள்ள சிவப்பு கருத்துக் கிடக்கும். வேறு சில படங்களில் அதே திட்டு அகலமாக, பால் பரவியதுபோல மெல்லியதாக இருக்கும். அதன் ஊடாகவே வண்டின் நிறமும் புள்ளிகளும் தெரியும். இரண்டிலும் இருப்பது ஒரே வகை வண்டுதான். கேமராவும் ஒன்றாகவே இருக்கலாம். மாறியிருப்பது வெளிச்சம். அந்த வெள்ளைத் திட்டு வண்டின் உடம்பைச் சேர்ந்தது அல்ல. படம் எடுத்தவர் வைத்திருந்த விளக்கு அதில் கண்ணாடியில் தெரிவதுபோலத் தெரிகிறது.

சின்னப் பூச்சிகளை மிக அருகில் படம் எடுக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் லென்ஸைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எந்த லென்ஸ் வாங்கலாம், எவ்வளவு பெரிதாக்கும் என்று. நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் என் படங்களைத் தேற்றியது லென்ஸ் அல்ல, ஃபிளாஷுக்கு முன்னால் நான் ஒட்டிய ஒரு வெள்ளைத் தாள். அந்தத் தாள் என்ன வேலை செய்கிறது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

எனக்குப் பழகிய இடம் எருக்கஞ்செடி. ரோட்டோரத்திலும் காலி மனையிலும் யாரும் நடாமலே வளரும். அதன் கொழுந்திலும் இலையடியிலும் பளிச்சென்ற மஞ்சளில் அசுவினிக் கூட்டம் அப்பியிருக்கும். ஒவ்வொன்றும் 2 மி.மீ. இருந்தால் அதிகம், மஞ்சள் உடம்பு, கருப்புக் கால்கள். அசுவினியைத் தின்னப் பொறிவண்டு வரும். அசுவினி கசியவிடும் இனிப்பு நீருக்காக எறும்பு வரும். இவற்றையெல்லாம் பிடிக்க இலையின் மறுபக்கத்தில் ஒரு தாவும் சிலந்தி காத்திருக்கும். ஒரே செடியில் ஒரு காலைப்பொழுது முழுக்க நிற்கலாம். நான் நின்றிருக்கிறேன்.

ஃபிளாஷ் எதற்கு

சூரியன் இருக்கும்போது ஃபிளாஷ் எதற்கு என்று கேட்கத் தோன்றும். இதற்குப் பதில் கொஞ்சம் கணக்கில் இருக்கிறது.

ஒரு பூச்சி தன் நிஜ அளவிலேயே கேமராவின் சென்சார் (ஒளியை வாங்கிப் படமாக்கும் சின்னத் தகடு) மேல் விழுந்தால் அதை 1:1 என்பார்கள். 5 மி.மீ. வண்டு சென்சாரிலும் 5 மி.மீ. நீளத்துக்கு விழும். பல கேமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி வகைச் சென்சார் ஏறக்குறைய 24 மி.மீ. அகலம் கொண்டது. ஆகவே படத்தின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கை வண்டு பிடித்துக்கொள்ளும். 2:1 வரை, அதாவது நிஜ அளவில் இரண்டு மடங்கு வரை போனால் ஐந்தில் இரண்டு பங்கு.

இவ்வளவு நெருங்கும்போது கூர்மையாகத் தெரியும் ஆழம் சுருங்கிவிடுகிறது. அந்தச் சென்சாரில், 1:1 அளவில், லென்ஸின் துவாரத்தை எஃப்/11 (இந்த எண் கூடக் கூடத் துவாரம் சின்னதாகும்) என்று வைத்தால் கூர்மையாக விழுவது சுமார் 0.9 மி.மீ. மட்டும்தான். 2:1 அளவில் அது 0.3 மி.மீ. சொச்சம். ஓர் அரிசியின் தடிமன்கூட இல்லை. வண்டின் கண்ணில் ஃபோகஸ் வைத்தால் முதுகு மங்கும், முதுகில் வைத்தால் முகம் போய்விடும். அதனால் லென்ஸின் துவாரத்தைச் சுருக்க வேண்டியிருக்கிறது. சுருக்கினால் வெளிச்சம் குறைகிறது. இதற்கு மேல் இன்னொரு இழப்பும் உண்டு: பெரிதாக்கப் பெரிதாக்க, லென்ஸ் வழியே வரும் ஒளி அகன்று பரவி நீர்த்துப்போகிறது. 1:1 அளவில் எஃப்/11 என்று வைத்தாலும் சென்சாருக்குக் கிடைப்பது எஃப்/22-க்கு உரிய ஒளிதான். 2:1 அளவில் எஃப்/33.

இந்த அளவு வெளிச்சத்தில், ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வைச் சொல்லும் எண்) 200 வைத்து, நிழலில் ஓர் இலையை எடுக்க 1/15 நொடியாவது ஷட்டர் திறந்திருக்க வேண்டும். எருக்கிலை காற்றில் அசையாமல் இருக்கும் நேரம் அதைவிடக் குறைவு. நம் கையும் அசையும், பூச்சியும் நடக்கும். அரை மி.மீ. அசைவு போதும், படம் கலங்கிவிடும்.

ஃபிளாஷ் இதை வேறு விதமாகத் தீர்க்கிறது. அதற்குள் ஒரு மின்தேக்கி இருக்கிறது; சேர்த்து வைத்த மின்சாரத்தைச் செனான் வாயு நிறைந்த குழாய் வழியே ஒரே மூச்சில் கொட்டுகிறது. நாம் சக்தியைக் குறைத்து வைக்கும்போது குழாய் மங்கலாக எரிவதில்லை; எரியும் நேரத்தைத்தான் ஃபிளாஷ் வெட்டுகிறது. முழுச் சக்தியில் 1/1000 நொடி அளவுக்கு எரியும் ஒரு ஃபிளாஷ், 1/16 சக்தியில் 1/10000 நொடி அளவிலேயே அணைந்துவிடும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹெரால்ட் எட்கர்டன் 1930-களிலிருந்து இந்த மின்னொளியை வளர்த்தெடுத்தார். பால் துளி விழுந்து கிரீடம்போல் தெறிக்கும் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள், அது அவருடையது. ஆப்பிளைத் துளைத்து வெளியேறும் துப்பாக்கிக் குண்டின் படமும்தான். அந்த வேகத்துக்கு முன்னால் எறும்பின் நடை ஒன்றுமே இல்லை.

ஆக, ஷட்டர் 1/160, எஃப்/11, ஐஎஸ்ஓ 200 என்று வைத்து, ஃபிளாஷை அணைத்துவிட்டு நிழலில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். ஏறக்குறைய இருட்டாக வர வேண்டும். வந்தால் நல்லது. இனி அந்தப் படத்தில் விழும் வெளிச்சம் எல்லாம் ஃபிளாஷ் தருவதுதான் என்று அர்த்தம். அசைவை நிறுத்துவதும் ஷட்டர் அல்ல, ஃபிளாஷ். வெளிச்சம் முழுக்க நம் கைக்கு வந்துவிட்டது, அதை எப்படி வேண்டுமானாலும் வடிவமைக்கலாம்.

அடுத்து ஃபிளாஷைப் போட்டு எடுத்தால், மேலே சொன்ன குத்தும் வெள்ளைத் திட்டு வந்து நிற்கும். பலர் இந்த இடத்தில்தான் ஃபிளாஷே வேண்டாம் என்று தூக்கி வைத்துவிடுகிறார்கள்.

டம்ளரும் டார்ச்சும்

வீட்டில் ஓர் எவர்சில்வர் டம்ளர் இருக்கும். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, டம்ளரை மேசைமேல் வைத்து, மொபைல் டார்ச்சை ஒரு முழ தூரத்திலிருந்து காட்டுங்கள். டம்ளரின் வளைந்த பக்கத்தில் ஒரு சின்ன, கூசும் புள்ளி தெரியும். டம்ளரின் மற்ற பகுதி இருட்டாகவே இருக்கும்.

இப்போது டார்ச்சுக்கும் டம்ளருக்கும் நடுவே ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். தாளை டார்ச்சுக்குப் பக்கத்தில் பிடித்தால் புள்ளி கொஞ்சம் பெரிதாகும், அவ்வளவுதான். அப்படியே தாளை மெதுவாக டம்ளரை நோக்கி நகர்த்துங்கள். புள்ளி விரியும், விரிய விரிய மங்கும். தாள் டம்ளரை நெருங்கும்போது அதன் ஒரு பக்கம் முழுவதும் கூச்சமில்லாத வெண்மை பரவிவிடும். டம்ளரில் யாராவது பெயர் வெட்டியிருந்தால் அந்த எழுத்தும் இப்போது தெரியும்.

ஃபிளாஷ் வெளிச்சத்தைப் பரப்ப அதன் முன்னால் வைக்கும் வெள்ளைத் திரைக்கு டிஃப்யூசர் என்று பெயர். டிஃப்யூசர் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பெரும்பகுதி இந்த ஒரு சோதனையில் இருக்கிறது. தாளை இடையில் வைத்ததால் டார்ச் வெளிச்சம் 'மென்மை' ஆகிவிடவில்லை. டார்ச்சுக்குப் பதிலாகத் தாளே விளக்காகிவிட்டது. டம்ளர் இப்போது பார்ப்பது தாளை. தாள் எவ்வளவு பெரிதாக, எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ, டம்ளரின் பார்வையில் விளக்கு அவ்வளவு பெரியது.

சூரியனை எடுத்துக்கொள்வோம். அதன் குறுக்களவு 14 லட்சம் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆனால் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் நமக்கு அது அரை டிகிரி அகலத்துக்குத்தான் தெரிகிறது. நிலவும் வானில் ஏறக்குறைய அதே அளவுதான். கையை நீட்டிச் சுண்டுவிரலால் மறைத்துவிடலாம். அவ்வளவு பெரிய சூரியன் நம் கணக்கில் மிகச் சின்ன விளக்கு. அதனால்தான் உச்சிவெயிலில் நிழல் கத்தியால் வெட்டியதுபோல விழுகிறது. கார்த்திகையில் மழைக்கு முன்னால் வானம் மூடிக்கொண்டு நிற்கும்போது நிழலே இல்லை, கவனித்திருப்பீர்கள். சூரியன் அதேதான். மேகம் அந்தத் தாளின் வேலையைச் செய்கிறது, வானம் முழுவதும் ஒரே விளக்காகிவிடுகிறது.

இதே கணக்கை ஃபிளாஷுக்குப் போடுவோம். கேமராவின் தலையில் பொருத்தும் ஃபிளாஷின் முகப்பு சுமார் 6 செ.மீ. அகலம். பூச்சியிலிருந்து 25 செ.மீ. தள்ளி இருந்தால், பூச்சிக்கு அது 14 டிகிரி அகலத்தில் தெரியும். 20 செ.மீ. அகலமுள்ள வெள்ளைத் தாளைப் பூச்சியிலிருந்து 8 செ.மீ. தூரத்தில் தொங்கவிட்டால் 100 டிகிரிக்கு மேல். வண்டு நிமிர்ந்து பார்த்தால் வானத்தின் அகலத்தில் பாதிக்கு மேல் வெண்மையாகத் தெரியும். மூட்டம் போட்ட வானத்தை நாம் ஒரு சாணுக்குள் கொண்டுவந்துவிட்டோம்.

திட்டு ஏன் மங்குகிறது, நிறம் ஏன் மேலே வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு இது புரிந்த அன்று பெரிய சந்தோஷம். பூச்சியின் ஓட்டிலிருந்து வெளிச்சம் இரண்டு வழியில் நம்மிடம் வருகிறது. ஒரு பகுதி ஓட்டுக்குள் கொஞ்சம் புகுந்து, நிறத்தை வாங்கிக்கொண்டு, எல்லாத் திசையிலும் சிதறி வருகிறது. பொறிவண்டின் சிவப்பு அப்படி வருவது. இன்னொரு பகுதி ஓட்டின் பளபளப்பான மேற்பரப்பில் பட்டு, நிறம் எதையும் வாங்காமல், கண்ணாடியில் படுவதுபோலத் திரும்புகிறது. சிவப்பு எவ்வளவு தெரியும் என்பது வண்டின் மேல் விழும் மொத்த வெளிச்சத்தைப் பொறுத்தது. திட்டு எவ்வளவு கூசும் என்பது விளக்கின் முகம் எவ்வளவு கூசுகிறது என்பதைப் பொறுத்தது. அதே மொத்த வெளிச்சத்தை 12 மடங்கு பெரிய முகத்தில் பரப்பினால் முகத்தின் கூச்சம் ஏறக்குறைய 12-இல் ஒரு பங்காகிவிடும். சிவப்பு அப்படியே இருக்கும், திட்டு மட்டும் 12-இல் ஒன்றாக வடியும். வடிந்ததும் அடியில் இருந்த சிவப்பு வெளியே வந்துவிடுகிறது.

பொன்வண்டில் இது இன்னும் கடுமையாகத் தெரியும். சின்ன வயதில் தீப்பெட்டியில் இலை போட்டு வளர்த்தோமே, அதேதான். அந்த மின்னும் பச்சையில் சாயம் கிடையாது. ஓட்டின் மேல் இருக்கும் மிக மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போதுதான் அந்தப் பச்சை பிறக்கிறது. அதாவது கண்ணாடிபோலத் திரும்பும் வெளிச்சத்தில்தான் அதன் நிறமே இருக்கிறது. சிதறி வருவது அநேகமாக இல்லை. வெறும் ஃபிளாஷில் எடுத்தால் ஓரிடத்தில் மட்டும் ஒரு தீப்பொறிபோல மின்னி, மற்ற இடமெல்லாம் கரி பூசியதுபோல் வரும். பல கோணங்களிலிருந்து வெளிச்சம் வந்தால்தான் பச்சை முழுக்க எழும். மின்னும் உடம்புள்ள ஈக்கள், குளவிகள், நாவாய்ப்பூச்சிகள் எல்லாவற்றுக்கும் இதே நிலைதான்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்ல வேண்டும். ஃபிளாஷின் முகப்பில் மாட்டும் வெள்ளை பிளாஸ்டிக் மூடிகள் கடைகளில் கிடைக்கின்றன. நானும் ஒன்று வாங்கினேன். வெளியில், பூச்சிப் படத்துக்கு, அதனால் ஒரு மாற்றமும் இல்லை. அது ஃபிளாஷின் முகப்பை விட ஒரு செ.மீ. கூடப் பெரிதல்ல, இருப்பதும் அதே தூரத்தில். வீட்டுக்குள் சுவரிலும் கூரையிலும் வெளிச்சத்தை அடித்துத் திருப்ப அது உதவும். எருக்கஞ்செடிக்கு மேலே கூரை இல்லை. ஃபிளாஷைத் தள்ளி வைத்தால் வெளிச்சம் மென்மையாகும் என்று சொல்வதும் தலைகீழ். தள்ளி வைத்தால் விளக்கு சின்னதாகும், நிழல் இன்னும் கூர்மையாகும். பெரிதாக இருக்க வேண்டும், பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பலன்.

நாமே செய்வது

மேக்ரோவுக்கு, அதாவது இப்படி மிக அருகில் எடுக்கும் படங்களுக்கு, விலை கொடுத்து வாங்கும் டிஃப்யூசர்களில் நல்லவை இருக்கின்றன. ஆனால் முதல் டிஃப்யூசரை நீங்களே செய்ய வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து. வெட்டி ஒட்டும்போது கற்றுக்கொள்வதை வாங்கிய பொருள் கற்றுத்தராது.

எனக்குச் சரிவந்த முறை இது. கருப்புச் சார்ட் அட்டையில் ஒரு குழாய் செய்து அதன் உள்பக்கம் சமையலறையில் சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளை ஒட்டினேன். ஒரு முனை ஃபிளாஷின் தலையில் இறுக்கமாக மாட்டும். மறுமுனை லென்ஸின் வாய்க்கு மேலே அகன்று விரியும். விரிந்த வாயில் ஒரு வெள்ளைத் தாள், அதற்கு 3 செ.மீ. முன்னால் இரண்டாவது வெள்ளைத் தாள். இரண்டாவது தாள் தட்டையாக இல்லாமல், லென்ஸைக் குடைபோலக் கவிந்து, பூச்சியை நோக்கி வளைந்திருக்கும்.

ஏன் இரண்டு தாள்? ஒரே தாள் என்றால் நடுவில் ஃபிளாஷ் நேராக அடிக்கும் இடம் மட்டும் கூசும், ஓரங்கள் மங்கும். 20 செ.மீ. தாள் வைத்திருந்தாலும் உண்மையில் வேலை செய்வது நடுவில் உள்ள 6 செ.மீ. வட்டமாகவே இருக்கும். முதல் தாள் வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது, இடைவெளியில் அது பரவுகிறது, இரண்டாவது தாள் முழுவதும் சீராக ஒளிர்கிறது. இரண்டையும் ஒட்டி வைத்தால் பயனில்லை, வெளிச்சம்தான் வீணாகும். இடைவெளி முக்கியம்.

தாளுக்கு ட்ரேசிங் ஷீட் போதும், ஆனால் பனியில் நனைந்தால் சுருங்கிவிடும். டிவி, ஃபிரிட்ஜ் வாங்கும்போது சுற்றி வருமே மெல்லிய வெள்ளை ஃபோம், அது மிக நன்றாக வேலை செய்கிறது. வெள்ளை பிளாஸ்டிக் ஃபைல் அட்டையும் நல்லது, வளைத்தால் வளைந்தபடி நிற்கும். பழைய எண்ணெய் கேனை வெட்டிச் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். லேசாக மஞ்சளாகியிருந்தால் படமும் மஞ்சளாகும், பார்த்துக்கொள்ளுங்கள்.

செய்து முடித்ததும் பூச்சியிடம் போக வேண்டாம். முதலில் சைக்கிள் கடைக்குப் போங்கள். பால்ரஸ் குண்டு என்று கேட்டால் தருவார்கள், முன்சக்கரத்துக்குப் போடும் சின்னது. ஏறக்குறைய 5 மி.மீ. இருக்கும், பொறிவண்டின் அதே அளவு. மேசைமேல் ஒரு துளி ஒட்டுமாவில் அதைப் பதித்து, வழக்கமாகப் பூச்சிக்கு வைக்கும் தூரத்தில் வைத்துப் படம் எடுங்கள். அந்தக் குண்டு உங்கள் டிஃப்யூசரின் முழு உருவத்தையும் உள்ளே காட்டும். நடுவில் கூசும் வட்டம் தெரிந்தால் தாள்களின் இடைவெளியைக் கூட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒளிர்ந்தால் குழாய் கோணலாக இருக்கிறது. வெள்ளை ஒரு சின்னத் திட்டாக உச்சியில் மட்டும் இருந்தால் டிஃப்யூசர் சின்னது அல்லது தூரத்தில் இருக்கிறது. குண்டின் மேல்பாதி முழுவதும் சீரான வெண்மை, கீழே போகப் போக மெதுவாகக் கருமை. அதுதான் வேண்டும். நான் மூன்று டிஃப்யூசர் செய்தேன், மூன்றையும் இந்தக் குண்டை வைத்துத்தான் திருத்தினேன்.

கீழே கருமை ஏன் வேண்டும் என்றால், எல்லாப் பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் வந்தால் உருண்டை உருண்டையாகத் தெரியாது. லென்ஸைச் சுற்றி வளையமாக மாட்டும் ஃபிளாஷில் எடுத்த படங்கள் பலவற்றில் இந்தக் குறை இருக்கும்: பூச்சி காகிதத்தில் வெட்டி ஒட்டியதுபோலத் தட்டையாக, கண்ணுக்குள் ஒரு வளையத்தோடு. வெளிச்சம் வானத்திலிருந்து வருவதற்குத்தான் நம் கண் பழகியிருக்கிறது. மேலிருந்து தாராளமாகவும் கீழிருந்து கொஞ்சமாகவும் வந்தால் சிலந்தியின் மயிர்க்கால்கள், எறும்பின் ஓட்டில் உள்ள சொரசொரப்பு எல்லாம் எழுந்து நிற்கும். எருக்கிலை இங்கே ஒரு நன்மை செய்கிறது. அதன் வெளிறிய, மாவு பூத்த மேற்பரப்பு மேலிருந்து வரும் வெளிச்சத்தில் கொஞ்சத்தை வண்டின் வயிற்றுப் பக்கம் திருப்பி அனுப்புகிறது.

லென்ஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1:1 மேக்ரோ லென்ஸ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சாதாரண 50 மி.மீ. லென்ஸும் அதற்குப் பின்னால் மொத்தம் 50 மி.மீ. நீளத்துக்கு எக்ஸ்டென்ஷன் டியூபும் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் வெற்றுக் குழாய்) போட்டால் அதே 1:1 கிடைக்கும். ரேனாக்ஸ் டிசிஆர்-250 என்ற, லென்ஸின் முன்னால் கவ்வும் கண்ணாடி பலரிடம் இருக்கிறது. தூரத்தில் இருப்பதை எடுக்கும் டெலி லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு அதுவே எளிய வழி. லென்ஸைத் தலைகீழாக மாட்டியும் எடுக்கலாம். எதை வைத்தாலும் துவாரத்தை அளவுக்கு மேல் சுருக்காதீர்கள். 1:1 அளவில் எஃப்/11, 2:1 அளவில் எஃப்/8 என்று நான் நிறுத்திக்கொள்கிறேன். அதற்கு மேல் சுருக்கினால் ஆழம் கொஞ்சம் கூடும், ஆனால் ஒளி விளிம்பில் வளைவதால் படம் முழுவதும் மெல்ல மழுங்கும்.

மொபைலில் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மொபைலில் ஃபிளாஷ் என்று சொல்வது எல்இடி விளக்கு. செனான் ஃபிளாஷ்போல அசைவை நிறுத்தாது. ஆனால் விளக்கின் அளவு பற்றி மேலே சொன்னது எல்லாம் மொபைலுக்கும் பொருந்தும். கவ்வும் மேக்ரோ லென்ஸை மாட்டிக்கொண்டு, வெயிலுக்கும் பூச்சிக்கும் நடுவே ஒரு வெள்ளை வேட்டித் துண்டையோ ட்ரேசிங் ஷீட்டையோ பூச்சிக்கு மிக அருகில் பிடித்துப் பாருங்கள். வெயில் என்பதால் வெளிச்சத்துக்குக் குறைவிருக்காது. மாற்றம் முதல் படத்திலேயே தெரியும்.

செடிக்கு முன்னால்

காலை 6 மணிக்கு மேல், வெயில் ஏறுவதற்குள் போவது நல்லது. இரவுக் குளிர்ச்சியில் பூச்சிகள் மந்தமாக இருக்கும், பனித்துளியோடும் இருக்கும். முழுக்கால் சட்டையும் ஷூவும் போட்டுக்கொள்ளுங்கள். புதருக்குள் கை விடும் முன் குச்சியால் தட்டிப் பாருங்கள், நாம் பார்க்கப் போவது பூச்சியை என்றாலும் அங்கே பாம்பும் இருக்கலாம். எருக்கின் இலையைக் கிள்ளாதீர்கள். கிள்ளினால் வரும் பால் கண்ணில் பட்டால் பெரிய தொந்தரவு.

கேமராவை மேனுவலில் வையுங்கள், ஃபிளாஷையும் மேனுவலில். 1/16 சக்தியில் தொடங்கி, படம் இருட்டாக வந்தால் 1/8. டிடிஎல் என்ற தானியங்கி முறை மோசமில்லை. ஆனால் வெளிறிய இலையின் மேல் கருப்பு எறும்பு வந்தால் அது குழம்பும். மேக்ரோவில் பூச்சிக்கும் டிஃப்யூசருக்கும் உள்ள தூரம் அநேகமாக மாறுவதில்லை. ஆகவே ஒரு தடவை சரியாக வைத்துவிட்டால் அன்று முழுவதும் அப்படியே ஓடும். இரண்டாவது செட் பேட்டரி பையில் இருக்கட்டும்.

ஃபோகஸையும் கையால்தான் வைக்க வேண்டும். லென்ஸில் பெரிதாக்கும் அளவை முதலில் முடிவுசெய்துவிட்டு, அப்புறம் வளையத்தைத் தொடாமல், உடம்பை முன்னும் பின்னும் மயிரிழை அளவு அசைத்துக் கண் கூர்மையாகும் நொடியில் அழுத்துங்கள். இடது கையின் இரண்டு விரலால் இலைக்காம்பைப் பிடித்து, அதே கையின் மணிக்கட்டில் லென்ஸைச் சாய்த்துக்கொண்டால், இலையும் கேமராவும் ஒன்றாகவே அசையும். காற்று அடித்தாலும் பரவாயில்லை என்ற நிலை வந்துவிடும். மூச்சை விட்டு முடித்த இடத்தில் அழுத்துங்கள். முக்காலியை நான் செடிக்கு எடுத்துப் போவதை விட்டுவிட்டேன். விரித்து வைப்பதற்குள் பூச்சி அடுத்த கிளையில் இருக்கும்.

முதல் சில படங்களில் பின்னணி கன்னங்கரேல் என்று வந்து உங்களை ஏமாற்றலாம். பட்டப்பகலில் எடுத்தும் நடுராத்திரிபோல் இருக்கும். டிஃப்யூசர் பூச்சியிலிருந்து 8 செ.மீ. தூரத்தில் இருக்கிறது, பின்னால் உள்ள வேலி 80 செ.மீ. தூரத்தில். தூரம் பத்து மடங்கு என்றால் வெளிச்சம் பல பத்து மடங்கு குறைந்துவிடும். அதுதான் காரணம். பூச்சிக்குப் பின்னால் இரண்டு மூன்று விரல்கடை தூரத்தில் வேறோர் இலை வரும்படி கோணத்தை மாற்றினால் பின்னணி பச்சையாகிவிடும். கருப்பு எறும்பு கருப்புப் பின்னணியில் காணாமல் போகும், அதற்கு இது கட்டாயம். பொன்னிற முசுறு எறும்புக்கு மட்டும் கருப்பு அழகாகத்தான் இருக்கிறது.

ஒன்றை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்து மரத்துப்போகச் செய்து எடுக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. வேண்டாம். தன் செடியில், தன் வேலையில் இருக்கும் பூச்சியின் நிற்பும் நடப்பும் அதில் வராது. குளிரில் அது படும் பாடும் நமக்குத் தேவையில்லாத பாவம். தோலுரித்துக்கொண்டிருக்கும் பூச்சியை, இணைந்திருக்கும் ஜோடியைத் தள்ளி நின்று பாருங்கள். பொறிவண்டைத் தொந்தரவு செய்தால் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டு, கால் மூட்டுகளிலிருந்து மஞ்சள் திரவத்தைக் கசியவிடும். அதைப் பார்த்தால் கேமராவை இறக்கிவிட்டு வேறு செடிக்குப் போய்விடுங்கள்.

பொறிவண்டு அசுவினிக் கூட்டத்துக்குள் தலையைக் கவிழ்த்திருக்கும் நேரம்தான் நமக்கு நல்ல நேரம். சாப்பாட்டில் இருக்கும்போது அது அவ்வளவாக அசையாது. பக்கவாட்டில் வந்து, வண்டின் நீளவாக்கும் உங்கள் சென்சாரும் இணையாக இருக்கும்படி நின்றால், அந்த 0.9 மி.மீ. ஆழத்துக்குள் கண், கழுத்து, முதுகின் விளிம்பு எல்லாம் விழுந்துவிடும். ஒரு படம் எடுங்கள். திரையில் வண்டின் முதுகைப் பெரிதாக்கி, வெள்ளைத் திட்டை மட்டும் பாருங்கள். அதன் ஊடாகப் புள்ளிகள் தெரிகின்றனவா? விளிம்பு கரைந்திருக்கிறதா, கோடு போட்டதுபோல் வெட்டி நிற்கிறதா? வெட்டி நின்றால் டிஃப்யூசரை ஒரு விரல்கடை முன்னால் இழுத்துவிட்டு இன்னொன்று எடுங்கள். கொழுந்தில் அசுவினி நிறைய இருக்கிறது, வண்டு இன்னும் கொஞ்ச நேரம் அங்கேதான் இருக்கும்.